அண்ணா வந்துபோன நாட்கள்

ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் வீடு திரும்பியதும் அங்கே பட்ட பாட்டையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். என் விஷயத்தில் அது மாறி நடந்தது. நான் வீட்டுக்கு வந்த பிறகு, நான் பட்ட பாட்டை மற்றவர்கள் எனக்குச் சொன்னார்கள். அதனால் இதில் பாதி நான் கண்டது, மீதி கேட்டது. கேட்டதைத்தான் கூடுதலாக நம்புகிறேன்.

நான் கணித ஆசிரியை. வீடு திருகோணமலை நகரத்தில், துறைமுகத்துக்குக் கிட்ட. படிப்பித்த பள்ளிக்கூடம் கிண்ணியாவில். அந்தக் காலத்தில் அங்கே போகப் பாலம் கிடையாது. பஸ்ஸில் கடற்கரை வரை போய், 'பாதை' என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் தட்டையான படகில் ஏறி அக்கரைக்குப் போகவேண்டும். என் கணவர் ஜெராட் துறைமுகத்தில் இழுவைப்படகின் எஞ்சின் பார்ப்பவர். எங்களுக்கு ஒரே மகள், டிலானி. அப்போது இரண்டாம் வகுப்பு.

எனக்குச் சீனி வியாதி. வயதானவர்களுக்கு வரும் வகையல்ல. கம்பஸில் படிக்கும்போதே வந்தது. வயிற்றின் பின்பக்கம் கணையம் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. சாப்பிட்ட சீனியை ரத்தத்திலிருந்து தசைகளுக்குள் அனுப்பும் இன்சுலினைச் சுரப்பது அதுதான். என்னுடையது சுரப்பதை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து காலையும் பின்னேரமும் ஊசி. யுத்தத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. அதனால் மருந்துக் குப்பியை ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வைத்திருந்தேன். ஜெராட் வேலைக்குப் போகுமுன் அந்த மணலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் போவார். ஒருநாளும் நான் அதை ஞாபகப்படுத்த வேண்டியிருந்ததில்லை.

சீனி கூடினால் என்ன செய்யும் என்று எல்லாரும் எச்சரித்தார்கள். கண் போகும், சிறுநீரகம் போகும், கால் போகும். குறைந்தால் என்ன ஆகும் என்று யாரும் விரித்துச் சொல்லவில்லை. வேர்க்கும், கை நடுங்கும், உடனே ஏதாவது இனிப்புச் சாப்பிடு, அவ்வளவுதான். ஆரம்பத்தில் எனக்கும் வேர்த்தது, நடுங்கியது. பிறகு பிறகு அது குறைந்துகொண்டு வந்தது. வியாதி கட்டுப்பட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த நாள் காலை ஊசி போட்டதும், பாண் ஒரு துண்டு கடித்ததும், பஸ்ஸுக்கு ஓடியதும் ஞாபகம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இனி என்னோடு வந்த ஒரு டீச்சர் சொன்னது.

படகுத்துறைக்குப் போகும் வழியில் செக்பொயின்ற்றில் எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். முதல்நாள் எங்கோ ஏதோ நடந்திருக்கிறது. பைகளை ஒரு பக்கம் அடுக்கச் சொல்லி, ஆட்களை இன்னொரு பக்கம் வெயிலில் நிற்கவைத்திருக்கிறார்கள். என் பைக்குள் மதியச் சாப்பாடும் குளுக்கோஸ் பைக்கற்றும் இருந்தன. நேரம் போகப் போக நான் சிரிக்கத் தொடங்கினேனாம். பிறகு வரிசையை விட்டு வெளியே வந்து, அங்கே நின்ற சிப்பாயைப் பார்த்து, "ஏன் ஹோம்வேர்க் செய்யேல்ல?" என்று அதட்டினேனாம். அவன் துவக்கைத் தூக்கியிருக்கிறான். இன்னொருவன் கிட்ட வந்து மோந்து பார்த்து, குடித்திருக்கிறாள் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறான். டீச்சர் அழுதழுது, "குடி இல்ல, சீனி வருத்தம், பையில மருந்திருக்கு" என்று தெரிந்த சிங்களத்திலெல்லாம் சொல்லியிருக்கிறார். பையை எடுக்க விடவில்லை. நான் விழுந்து, வலிப்பு வந்த பிறகுதான் விட்டார்கள். அதற்குள் வாய்க்குள் எதையும் போட முடியாத நிலை.

அவர்களும் பயந்துபோய், தங்கள் வாகனத்திலேயே என்னைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார்களாம். வழியில் இன்னும் இரண்டு தடை. ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வழக்கமாக அது ஏறியதும் ஆள் கண் விழித்துவிடுவார். நான் விழிக்கவில்லை. அடுத்த நாள்தான் விழித்தேன்.

விழித்ததும் ஜெராட்டைத் தெரிந்தது. மகளைத் தெரிந்தது. டொக்டர், "நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழிச்சுக்கொண்டு போங்கோ டீச்சர்" என்றாராம். மடமடவென்று இறங்கிப் போனேனாம். வாட்டே சந்தோஷப்பட்டிருக்கிறது. பிறகு அவர் மூன்று சொற்கள் சொன்னார். "கதிரை, மாம்பழம், கப்பல். இதை ஞாபகம் வச்சிருங்கோ, கொஞ்சத்தால கேப்பன்." பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டார்.

"எந்த மூண்டு சொல்?" என்று கேட்டேனாம். "நீங்கள் ஆர்?"

டொக்டர் ஜெராட்டை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னதை, பின்னால் எனக்கே இன்னொரு தடவை பொறுமையாகச் சொன்னார். எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். உடம்பின் மற்றப் பாகங்கள் பசி வந்தால் கொழுப்பை எரித்துச் சமாளிக்கும். மூளைக்கு அந்த வசதி உடனே கிடைக்காது. அதற்கு ரத்தத்தில் வரும் சீனி வேண்டும், ஒவ்வொரு நிமிஷமும் வேண்டும். சேமித்து வைக்க அதனிடம் இடமில்லை. சீனி இறங்கினால் அதை மேலே தூக்கக் கடவுள் வேறு சில ஓமோன்களைத் தந்திருக்கிறார். கணையத்திலேயே சுரக்கும் குளுக்ககோன், ஈரலில் இருக்கும் இருப்பை அவிழ்த்துவிடும். அட்ரினலின் வேர்க்கவைத்து, நடுங்கவைத்து, ஆளைச் சாப்பிட விரட்டும். என்னைப்போல் வருஷக்கணக்காக ஊசி போடுகிறவர்களுக்கு இந்தக் காவல்காரர்கள் ஒவ்வொருவராய் நின்றுவிடுவார்கள். நடுக்கம் நின்றுவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேனே, அது இதுதான்.

"அப்ப நான் நிண்டுகொண்டே பட்டினி கிடந்தனானோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் இல்லை, உங்கட மூளை. அதிலையும் ஒரு பக்கம் எல்லாத்துக்கும் முதல் வாடும். கடற்குதிரை மாதிரி வளைஞ்ச ஒரு சின்னப் பகுதி. இண்டைக்கு நடந்ததை நாளைக்கு எண்டு எடுத்து வைக்கிற வேலை அதின்ர. பழைய ஞாபகங்கள் வேற இடத்தில இருக்கு, அதுகள் தப்பியிட்டுது."

மூளையைப் படம் எடுத்துப் பார்க்கலாமா என்று ஜெராட் கேட்டிருக்கிறார். அந்த மெஷின் கொழும்பில்தான். ரோடு இருந்த நிலையில் என்னை ஏற்றிக்கொண்டு போவது புத்தியில்லை என்றார் டொக்டர். "கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பலாம். திரும்பாமலும் விடலாம். பொறுத்துப் பாப்பம்."

அந்தப் பொறுத்திருந்த வாரங்கள்தான் என்னிடம் இல்லாத வாரங்கள். காலையில் நடந்தது மதியத்தில் இருக்காது. மதியம் நடந்தது பின்னேரம் இருக்காது. ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும், "நான் ஏன் இங்கை? பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று எழும்புவேனாம். ஜெராட் வேலை முடிந்து எண்ணெய் மணக்கும் உடுப்போடு நேரே வருவார். ஒவ்வொரு பின்னேரமும் முதலிலிருந்து எல்லாம் சொல்வார். சீனி குறைந்தது, விழுந்தது, இப்போது சுகம். சலித்ததே இல்லை என்று தாதி சொன்னார். பிறகு என் தலையை இழுத்துப் பின்னிவிடுவார். அவர் பின்னிய பின்னலைப் பார்த்து வாட்டில் சிரிக்காதவர்கள் இல்லையாம்.

அந்த நாட்களில் டிலானிக்கு முன்பல் விழுந்துவிட்டது. வரும்போதெல்லாம், "ஐயோ, பல் எங்கை பிள்ளை?" என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். முதல் சில நாள் அவளுக்கு அது விளையாட்டு. வேண்டுமென்றே வாயைப் பொத்திக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் கையை எடுப்பாளாம். ஒருநாள் நான் அப்படிக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. "அப்பா, அம்மாவை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்று சொல்லி அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவளைக் கூட்டிவரவில்லை. அவளுடைய பல் விழுந்ததை நான் எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. ஒன்றுகூட என்னிடம் இல்லை.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் இருப்பது அண்ணாவின் விஷயம்.

எனக்கு ஒரே ஒரு அண்ணா. கண்டி ரோட்டில் கப்பல்துறை என்ற ஊரில் இருந்தார். நாங்கள் சைவக்காரர். நான் கத்தோலிக்கரான ஜெராட்டைக் கட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை. கலியாணத்துக்கு வரவில்லை. அதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் சில வருஷம் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தபோது, அவர் எனக்கு ஆள் அனுப்பவில்லை. கப்பல்துறையிலிருந்து நகரத்துக்கு ஒரு பஸ். யாரிடமாவது ஒரு சொல் சொல்லிவிட்டிருக்கலாம். நான் வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுப் போனபோது, சுடலையிலிருந்து ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று, "இனி எனக்கு அண்ணன் எண்டு ஒருதரும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் நான் அவரைப் பார்த்த கடைசித் தடவை. அதாவது, எனக்கு ஞாபகமுள்ள கடைசித் தடவை.

ஞாபகம் ஒருநாள் காலையில் திரும்பத் தொடங்கியது. தினமும் புதிதாய் மூன்று சொல் சொல்லிச் சோதித்த டொக்டர் வந்ததும், "நேற்று வாழைப்பழம், கத்தி, மணி எண்டு சொன்னனீங்கள்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நாளுக்கு நாள் கூடப் பிடித்தது. பள்ளிக்கூடத்துக்கும் பிறகு திரும்பிப் போனேன். புதுப் பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் இன்றைக்கும் எனக்குச் சரியாய் ஏறுவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, சாப்பாட்டு மேசையில் வைத்து ஜெராட் சொன்னார்.

"உம்மட அண்ணா ஆஸ்பத்திரிக்கு வந்தவர்."

"எப்ப?"

"ஒவ்வொரு நாளும். மத்தியானம் பாக்க விடுற நேரத்துக்கு வருவார். நான் பின்னேரம் வருவன், அதால ரெண்டொரு தரம்தான் கண்டனான். என்னோட நல்லாக் கதைச்சார். நீரும் அவரும் சமாதானமாகியிட்டீங்கள் எண்டு தாதி சொன்னா."

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. என் மனதில் அண்ணா இன்னும் அந்த முற்றத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் சமாதானமாகிவிட்டேன் என்று மற்றவர்கள் சொன்னால், அது யாரோ எனக்காகக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

"எனக்கு ஞாபகம் திரும்பினாப்பிறகு ஏன் வராமல் விட்டவர்?"

"கண்டி ரோட்டை மூடியிட்டாங்கள். கப்பல்துறைப் பக்கம் ஒருத்தரையும் வெளியில விடேல்ல."

ஓரிரு நாள் யோசித்தேன். கோபம் மெல்ல இறங்கியது. ரோடு திறந்ததும் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். இந்தத் தடவை எனக்கு ஞாபகம் இருக்கும் விதத்தில் கதைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ரோடு திறந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போவோம் என்றார் ஜெராட். வெள்ளிக்கிழமை கப்பல்துறையிலிருந்து ஆள் வந்தது.

அண்ணா இறந்துபோனார். நெஞ்சில் நோவு என்று சொல்லவில்லையாம். சாப்பிட்டுவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று கதிரையில் சாய்ந்தவர்தான். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, "தங்கச்சி கதைச்சவள், தங்கச்சி கதைச்சவள் எண்டு வந்து வந்து சொல்லுவார்" என்றார். அண்ணாவுக்கு முன்னால் நான் என்ன கதைத்தேன் என்று அண்ணிக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

வாட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் றகுமத்தும்மா. கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக்காரி, சீனி வியாதியால் காலில் ஆறாத புண்ணோடு கிடந்தவர். அண்ணா கதைத்ததையெல்லாம் கேட்டிருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் ஜெராட்டைக் கூட்டிக்கொண்டு பாதையில் ஏறி அக்கரைக்குக் கடந்து அவர் வீட்டைத் தேடிப் போனேன். கால் முழுதாக ஆறவில்லை, முக்காலியில் நீட்டி வைத்திருந்தார். என்னைக் கண்டதும், "மகள், என்னய ஒங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது. கடைசி நாட்களில் என்னோடு பழகியவர்தானே. அவர் கண் கலங்கியது.

அண்ணா இறந்ததைச் சொன்னேன். அவர், "அவருக்கும் சீனி இருந்திச்சு மகள். டொக்டர் ஒங்களப் பாக்க வந்த நேரம் அவர்ட ரத்தத்தையும் சோதிச்சாரு. மருந்து தொடங்கோணும் எண்டு சொன்னாரு. முதல்ல தங்கச்சி எழும்பட்டும், பொறகு பாப்பம் எண்டிட்டாரு" என்றார். சீனி வியாதிக்காரருக்கு நெஞ்சு நோவு தெரியாமலே மாரடைப்பு வரும் என்று அதற்குப் பிறகுதான் நான் டொக்டரிடம் கேட்டு அறிந்தேன்.

"அண்ணா என்னோட என்ன கதைச்சவர்?"

"மொதல் நாள் அவரக் கண்டதும் நீங்க செவத்துப் பக்கம் திரும்பிட்டீங்க. அவர் நிண்டுக்கிட்டே சொன்னாரு. அம்மா படுக்கையில கெடந்தப்ப வேணுமெண்டுதான் உனக்கு ஆளனுப்பல்ல, என்ட ஆத்திரம், நான் செஞ்சது பிழை எண்டு. ஒரு சாட்டும் சொல்லல்ல மகள். நீங்க கனநேரம் அழுதீங்க. பொறகு, அம்மா என்னைக் கேட்டவவோ எண்டு கேட்டீங்க. கேட்டவ, கடைசி மட்டும் கேட்டவ எண்டாரு. நீங்க அவர்ட கையப் புடிச்சீங்க."

"பிறகு?"

"பொறகென்ன, அடுத்த நாள் வந்தாரு. நீங்க செவத்துப் பக்கம் திரும்பிட்டீங்க."

"திரும்பவுமோ?" என்று கேட்டேன்.

"ஓம் மகள். ஒவ்வொரு நாளும் அவர் மொதல்ல இருந்து சொல்லோணும். ஒவ்வொரு நாளும் நீங்க புதுசா அழுவீங்க. அம்மா கேட்டவவோ எண்டு கேப்பீங்க. அவரும் அழுவாரு. அந்தத் தாதிப் புள்ள ஒருநாள் அவருக்குச் சொல்லிச்சு, ஏன் ஐயா இந்தப் பாடு, நேத்தே கதைச்சுச் சமாதானமாயிட்டம் எண்டு சொல்லுங்க, அவவுக்கு என்ன தெரியும் எண்டு. அவர் கேக்கல்ல. அவவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுந்தானே எண்டாரு."

ஜெராட் எழுந்து வாசல் பக்கம் போனார்.

"எல்லா நாளும் நான் கையைப் பிடிச்சனானோ?" என்று கேட்டேன்.

றகுமத்தும்மா காலை அசைத்து வைத்தார். உள்ளே யாரையோ கூப்பிட்டுத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நான் திரும்பவும் கேட்டேன். இதற்காகத்தான் வந்தனான், மறைக்கவேண்டாம் என்று சொன்னேன்.

"கடைசியா வந்த அண்டைக்கு ஒங்களுக்குக் காச்சல் மகள். காலையிலயிருந்து ஊசி, ரத்தம் எடுக்கிறது எண்டு ஒங்களுக்கு ஏலாமப் போயிட்டு. அவர் சொல்லத் தொடங்க, கேக்கவே இல்ல. வெளிய போங்கோ, உங்கட முகத்தைப் பாக்க எனக்கு விருப்பமில்லை எண்டு சத்தம் போட்டீங்க. நேரம் முடியிற மட்டும் அவர் கட்டிலடியில நிண்டாரு. பொறகு போனாரு."

"அழுதவரோ?"

"இல்ல. என்னயப் பாத்துச் சிரிச்சாரு. பரவாயில்லை உம்மா, நாளைக்கு இது அவவுக்கு ஞாபகம் இராது, நாளைக்கு வந்து திரும்பச் சொல்லுறன் எண்டாரு. அடுத்த நாள்தான் ரோட்ட மூடினாங்க."

தேத்தண்ணி வந்தது. எனக்காகச் சீனி போடாமல் ஊற்றியிருந்தார்கள். குடித்தோம். அவருடைய காலைப் பார்த்து, புண்ணை நனையவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

திரும்பும்போது பாதைப் படகில் கூட்டம் இல்லை. ஜெராட் என் பக்கத்தில் நின்றார்.

"மற்ற நாளெல்லாம் மன்னிச்சனீர்தானே" என்றார். "அதை நினைச்சுப் பாரும்."

அவர் சொன்னது உண்மை. அந்த நாட்களை நினைத்துப் பார்க்க இப்போதும் முயல்கிறேன். அண்ணாவின் கை எப்படி இருந்திருக்கும், குரல் எப்படி உடைந்திருக்கும் என்று. ஒன்றும் வருவதில்லை. நான் சத்தம் போட்ட அந்தக் கடைசி நாளும் அப்படித்தான், எனக்கு ஞாபகமில்லாத ஒரு நாள். ஆனால் றகுமத்தும்மா அதைச் சொல்லும்போது என் மூளை சுகப்பட்டிருந்தது. கேட்டதில் ஒரு சொல்லையும் அது தவறவிடவில்லை.